மணற்காட்டிலிருந்து சுண்டிக்குளம் வரை: வாகனத்திலும் கால்நடையாகவும் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில், வல்லிபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன். புரட்டாதி மாதக் கடல் தீர்த்தத்துக்கு அப்பாவின் தோளில் ஏறிக் கோயிலிலிருந்து கடற்கரை வரை மணலைக் கடந்ததுதான் எனக்கு நினைவிருக்கும் முதல் பயணம். இப்போது ஒவ்வொரு வருடமும் தை பிறந்ததும், வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரையும் அவர்களின் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, மணற்காடு என்ற கடலோரக் கிராமத்தின் மணல்மேடுகளுக்கும் சுண்டிக்குளம் தேசியப் பூங்காவுக்கும் போகிறேன். வான் வண்டியில் ஏற முன்னரும், ஏறிய பிறகும், திரும்பி வந்து கிணற்றடியில் கால் கழுவும்போதும் அவர்கள் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மணற்காடு உண்மையிலேயே பாலைவனமா?

இல்லை. ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெய்யும் நிலத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் வெயிலும் உப்புக்காற்றும்தான். மணலும் பெய்த நீரை மேலே வைத்திருக்காது, உடனே கீழே இறக்கிவிடும். அதனால் பார்வைக்குப் பாலைவனம்போலவே இருக்கும். பகலில் சுடுவதும் அப்படித்தான்.

ஐந்திணையில் வைத்துப் பார்த்தால் இது நெய்தல். தாழையும் அடம்பும் வலை காயும் மணலும் இருக்கிற இடத்தைப் பாலை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் "குட்டிப் பாலைவனம்" என்ற பெயர் எல்லார் வாயிலும் நிலைத்துவிட்டது. பாலைவனத்துக்குப் போகிறோம் என்று நினைத்துத் தண்ணீரும் தொப்பியும் எடுத்து வருகிறார்கள், அந்த வகையில் அந்தப் பெயர் நல்லதுதான்.

எங்கே இருக்கிறது, எப்படிப் போவது?

யாழ்ப்பாணம் ரவுணிலிருந்து பருத்தித்துறை ஏறக்குறைய 33 கிலோமீற்றர். அங்கிருந்து மருதங்கேணிப் பக்கம் போகும் வீதியில் திரும்பினால் வல்லிபுரம், குடத்தனை, பிறகு கடற்கரைப் பக்கமாக மணற்காடு. தொடர்ந்து போனால் அம்பன், நாகர்கோவில், மாமுனை, செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று கடலோரக் கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசியில் சுண்டிக்குளம். மணற்காட்டிலிருந்து அங்கே நாற்பது கிலோமீற்றருக்கு மேல்.

சுண்டிக்குளத்துக்கு மட்டும் போகிறவர்கள் பருத்தித்துறையைச் சுற்ற வேண்டியதில்லை. கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் வந்து பளைப் பக்கமாகவோ இயக்கச்சிப் பக்கமாகவோ கிழக்கே திரும்பலாம். பஸ்ஸில் மணற்காட்டுக்குக் கிட்டப் போய்ச் சேரலாம். சுண்டிக்குளத்துக்குப் பஸ்ஸை நம்பிப் போவதை நான் சொல்லமாட்டேன். வந்த பஸ் திரும்பிப் போய்விட்டால் நிழல்கூட இல்லாத இடத்தில் நிற்க வேண்டிவரும்.

சாதாரண கார் போதுமா?

வீதியை விட்டு இறங்காதவரை போதும். ஹயஸ் வானிலும் ஓட்டோவிலும் மணற்காட்டுக் கோயிலடிவரை போகிறார்கள். தெற்கே போகப் போக வீதி சில இடங்களில் கிரவலாகும், சில இடங்களில் மேலே மணல் ஏறிக் கிடக்கும். உயரம் குறைந்த கார் என்றால் மெதுவாகப் போக வேண்டும். பெற்றோலைப் பருத்தித்துறையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

எங்களை ஒருமுறை மாட்டிவிட்டது மணல் அல்ல, தரவை எனப்படும் உவர் வெளி. வெற்றிலைக்கேணிக்கு அப்பால் களப்போரமாக, அதாவது காயலோரமாக, வெள்ளை வெளேரென்று விளையாட்டு மைதானம்போல நிலம் கிடந்தது. பறவைகளுக்குக் கிட்டப் போகலாம் என்று மச்சான் வானை அதற்குள் விட்டார். ஐம்பது யார் போயிருப்போம், முன்சில்லுகள் இரண்டும் அச்சுவரை இறங்கிவிட்டன. சைக்கிளில் வந்த ஒரு ஐயா இறங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உந்தத் தரவை பொல்லாதது தம்பி. மேலை காய்ஞ்சிருக்கும், உள்ளுக்கை கூழ்." அன்றைக்கு ட்ராக்டர் வந்து கயிறு கட்டி இழுக்க மூன்று மணித்தியாலம் ஆனது. கரைவலை வேலையை விட்டுவிட்டு வந்த அந்தப் பொடியள் காசும் வாங்கவில்லை, கொண்டுபோன சோற்றுப் பொதிகளைத்தான் பகிர்ந்து சாப்பிட்டோம். உப்புப் பூத்து வெளுத்த நிலம், ஓரத்தில் உமரிப் பூண்டு சிவந்து கிடக்கிற நிலம், மாட்டின் கால் குளம்பு ஆழமாகப் பதிந்து காய்ந்திருக்கிற நிலம் ஆகியவற்றில் சில்லை வைக்காதீர்கள். மழை விட்டு இரண்டு மாதம் ஆனாலும் அடியில் சேறு இருக்கும்.

மணலில் புதைந்தால் செய்ய வேண்டியது வேறு. முதலில் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். சில்லுச் சுற்றச் சுற்றத் தனக்கே கிடங்கு தோண்டும். எல்லாரும் இறங்கி, சில்லுக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் வாரி, பனை மட்டையோ தென்னோலையோ சாக்கோ கொடுத்து, ரயரில் காற்றைப் பாதியளவுக்கு இறக்கி, இரண்டாம் கியரில் மெல்ல எடுத்தால் பெரும்பாலும் ஏறிவிடும். காற்று இறங்கிய ரயர் தட்டையாகி, பாரத்தைப் பரப்பித் தாங்கும். திரும்பத் தார் வீதிக்கு வந்ததும் காற்றடிக்காமல் வேகமாக ஓடக்கூடாது. கையில் ஒரு சின்னக் காற்றுப் பம்பும் மண்வெட்டியும் கயிறும் இருக்கட்டும்.

நாலு சில்லு இழுவை உள்ள ஜீப் இருக்கிறது. மணல்மேட்டில் ஏற்றலாமா?

ஏற்ற வேண்டாம். இதைக் கேட்கிறவர்களுக்கு நான் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்வேன்.

அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பது இரண்டு மூன்று செடிகள். ஊசி ஊசியாகக் குத்துகிற இராவணன் மீசை, ஊதாப் பூப் பூக்கிற அடம்பன் கொடி, சில கோரைகள். காற்று கொண்டுவரும் மணல் இராவணன் மீசையின் தூரில் தட்டி நிற்கும். நின்ற மணலுக்கு மேலாக அது திரும்பவும் வளரும், திரும்பவும் மணல் நிற்கும். மேடு உயர்வது இப்படித்தான். அடம்பன் கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலை வலைபோலப் பின்னிவிடும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று எங்கள் ஆட்கள் சொல்வது இந்தக் கொடியைக் கண்டுதான். ஒரு ஜீப் இரண்டுமுறை ஏறி இறங்கினால் அந்தத் தடத்தில் கொடி அறுந்துவிடும். அடுத்த சோளகத்தில், அதாவது தென்மேல் காற்றுக் காலத்தில், காற்று அந்த வெட்டுக்குள் புகுந்து வாய்க்கால்போல அரிக்கும்.

இரண்டாவது காரியம் தண்ணீர். குடத்தனையிலும் அம்பனிலும் கடலுக்கு இவ்வளவு கிட்டவாகத் துரவு (ஆழமில்லாத மணற்கிணறு) வெட்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்களே, எப்படி? மழை நீர் மணலுக்குள் இறங்கி, அடியில் ஊறி நிற்கும் உப்பு நீருக்கு மேல் மிதக்கிறது. நல்ல நீர் பாரம் குறைந்தது, உப்பு நீர் பாரம் கூடியது. இரண்டுக்கும் இடையில் சண்டையில்லை. மேலே மணல் உயரமாக இருக்கும்வரை நல்ல நீரும் தடிப்பாக நிற்கும். மணலை அள்ளிக் கொண்டுபோனால் அந்த நீர்ப் படை மெலிந்து, கீழேயிருந்து உவர் ஏறும். வடமராட்சி கிழக்கில் இரவோடிரவாக மணல் அள்ளிக்கொண்டு போகும் உழவு இயந்திரங்களுக்கு எதிராகக் கிராமத்து ஆட்கள் எத்தனையோ முறை வீதிக்கு இறங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய குடிதண்ணீரின் மேல்தான் நாங்கள் நடக்கிறோம். வாகனம் மேட்டின் அடிவரை கொண்டுபோய் விடட்டும், அதற்கு மேலே கால் போதும். செடி இல்லாத வெறும் மணலில், ஏற்கெனவே ஆள் நடந்த தடத்தில் ஏறுங்கள்.

எந்த மாதம் நல்லது, எந்த நேரம்?

தையும் மாசியும். மழை ஓய்ந்து வாடைக்காற்றின் குளிர்ச்சி மிச்சமிருக்கும், களப்பில் தண்ணீர் நிற்கும், வலசைப் பறவைகளும் இருக்கும். பங்குனியோடு சூடு ஏறத் தொடங்கும். சோளகம் வீசுகிற வைகாசி முதல் ஆவணிவரை மணல் கண்ணுக்குள்ளும் பல்லுக்குள்ளும் கமராவுக்குள்ளும் போகும். அந்த மாதங்களில் போனால் மேட்டின் மேல் மணல் புகைபோல ஓடுவதைக் காணலாம், அது தனி அழகு. ஆனால் காலை எட்டு மணிக்குள் பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டும். கார்த்திகை, மார்கழியில் புயற் செய்தி இருந்தால் போகவே வேண்டாம்.

நேரம் என்றால் விடியப்புறம். இந்தக் கரை கிழக்கைப் பார்த்தது, சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும். மாலையில் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காரைநகர் கசூரினாவுக்குப் போக வேண்டும். இங்கே அது பனங்கூடலுக்குப் பின்னால்தான் இறங்கும்.

மணற்காட்டில் நடந்து பார்க்க என்ன இருக்கிறது?

முதலில் பழைய அந்தோனியார் கோயில். கூரை போய், சுவர்கள் மட்டும் மணலுக்குள் பாதி இறங்கி நிற்கின்றன. இப்போது பூசை நடக்கிற புதிய கோயில் வேறு. பழைய சுவரில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். சுவர் பலமில்லை, ஊர் ஆட்களுக்கு அது இன்னும் கோயில்தான். பக்கத்தில் மணலிலேயே சிலுவைகள் நட்ட கல்லறைகள் இருக்கின்றன. 2004 டிசெம்பர் 26 சுனாமி இந்தக் கரை முழுவதையும் அடித்தது. மணற்காட்டிலிருந்து தெற்கே உடுத்துறை, அதற்கு அப்பால்வரை ஒவ்வொரு கிராமத்திலும் வீடு வீடாக ஆட்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

பிறகு சவுக்கங்காடு. மணலைத் தடுக்கவென்று நட்டது. உள்ளே போனதும் வெளிச்சம் குறைந்து, காற்று ஊசியிலைகளுக்குள் இரையும் சத்தம் கடலிரைச்சல்போலக் கேட்கும். எது கடல், எது மரம் என்று பிள்ளைகளிடம் கேட்டால் கொஞ்சநேரம் திகைப்பார்கள். அதைத் தாண்டினால் மேடுகள். காற்று வருகிற பக்கம் சரிவு குறைந்தது, மணலும் இறுகியிருக்கும். காற்று போகிற பக்கம் செங்குத்தாய், கால் வைத்தால் சரியும். காய்ந்த மணல் முப்பத்தைந்து பாகைக்கு மேல் சரிவாக நிற்காது, தானாக வழிந்துவிடும். ஏறும்போது இறுகிய பக்கத்தால், குறுக்காகச் சாய்ந்து ஏறினால் மூச்சு வாங்காது. முன்னால் போகிறவரின் காற்தடத்தில் கால் வைத்தால் இன்னும் லேசு.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட விருப்பமானது விடியற்காலைத் தடங்கள். இரவு முழுக்க மேட்டில் யார் வந்து போனார்கள் என்று மணலில் எழுதியிருக்கும். நண்டின் தடம் தையல்போல இரண்டு வரிசையாய்ப் போகும். உடும்பு போன இடத்தில் இரண்டு பக்கமும் கால், நடுவில் வாலின் கோடு. நரி ஒரே நேர்கோட்டில் அடி வைத்துப் போயிருக்கும், நாய் அப்படிப் போகாது, அலைந்து திரியும். முயலின் பின்னங்கால்கள் முன்னங்கால்களுக்கு முன்னால் விழுந்திருக்கும். என் தங்கையின் மகள் ஒருநாள் ஒரு வண்டின் தடத்தை இருபது நிமிடம் குனிந்தபடி பின்தொடர்ந்தாள். கடைசியில் அது எருக்கஞ்செடியின் தூரில் ஒரு சின்னத் துளைக்குள் போய் முடிந்தது. ஒன்பது மணியாகக் காற்று எல்லாவற்றையும் அழித்துவிடும், அதற்குள் போக வேண்டும்.

வழியில் வல்லிபுரத்தில் இறங்க வேண்டுமா?

கட்டாயம் இறங்குங்கள். வல்லிபுர ஆழ்வார் கோயிலில் மூலவர் சக்கரம். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அதிகம். 1936 இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு கி.பி. 2 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அநுராதபுரத்து வசப மன்னன் காலத்தில் நாகதீவை (யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய பெயர்) ஆண்ட ஒருவரைப் பற்றிப் பிராமி எழுத்தில் சொல்கிறது. ஆளில்லாத மணல்வெளி என்று இதை நினைக்கிறவர்களுக்கு நான் அந்த ஏட்டைத்தான் சொல்வேன்.

எவ்வளவு தண்ணீர் கொண்டுபோக வேண்டும்?

அரை நாள் நடைக்கு ஆளுக்கு இரண்டு லீற்றர், முழு நாளுக்கு நாலு. வானுக்குள் இன்னும் ஒரு கலன் இருக்கட்டும். தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இருக்காதீர்கள். கடற்காற்று வியர்வையை உடனுக்குடன் காயவைத்துவிடுவதால் எவ்வளவு நீர் போகிறது என்றே தெரியாது. நாலைந்து ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு–சர்க்கரைத் தூள்) பைக்கற்றுகள் எடுத்துவையுங்கள். மோரில் உப்புப் போட்டு ஒரு போத்தல் கொண்டுபோனால் அதற்கு ஈடில்லை. சாப்பாட்டுக்குப் புளிச்சாதமும் பருத்தித்துறை வடையும் போதும், இரண்டும் வெயிலில் கெடாது.

ஒருவருக்குத் தலையிடி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். வியர்ப்பது நின்று, பேச்சுக் குழறினால் அது வெப்பத்தாக்கு. 1990 அம்புலன்ஸை அழையுங்கள், காத்திருக்கும் நேரத்தில் குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள்.

வெறுங்காலோடு நடக்கலாமா?

விடியற்காலையில் ஈரக் கரையோரம் நடக்கலாம். பத்து மணிக்குப் பிறகு மணல் கால் பொக்களிக்கிற அளவுக்குச் சுடும். இராவணன் மீசையின் நுனி முறிந்து உள்ளே நின்றால் எடுக்கப் படாதபாடு. கணுக்கால் மூடிய சப்பாத்து நல்லது.

பாம்பு இருக்கிறதா?

இருக்கிறது. இந்த மணலுக்குரியது சுருட்டை. சின்னப் பாம்பு, மணல் நிறம், செதில்களை ஒன்றோடொன்று உரசி வாளால் அறுப்பதுபோலச் சத்தம் எழுப்பும். பகலில் செடித் தூரிலும் மட்டைகளுக்கு அடியிலும் கிடக்கும், பொழுதுபட்ட பிறகு வெளியே வரும். கண்ணாடி விரியனும் நாகமும் குடாநாடெங்கும் உண்டு. கிடக்கிற மட்டையைக் கையால் தூக்காதீர்கள், காலால் புரட்டவும் வேண்டாம். இருட்டில் ரோச் இல்லாமல் நடக்காதீர்கள்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் வாகனத்தில் ஏற்றுங்கள். மணற்காட்டிலிருந்து மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை கிட்ட. பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

மிதிவெடி பயம் இன்னும் இருக்கிறதா?

ஆட்கள் குடியிருந்து தொழில் செய்கிற கடற்கரைகளில் ஊர்ச்சனம் அன்றாடம் நடக்கிறது. ஆனால் ஏ9 வீதியை ஒட்டிய முகமாலைப் பக்கம் போர்க்காலத்தில் முன்னரங்காக இருந்த நிலம். போர் 2009 இல் முடிந்த பிறகும் அங்கே வருடக்கணக்காக வெடி அகற்றினார்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ சிவப்புத் தலைக் கட்டையோ கண்டால் அந்த இடத்திலேயே நின்று, வந்த தடத்தாலேயே திரும்புங்கள். பற்றைக்குள் குறுக்குவழி தேட வேண்டாம். சுனாமியும் வெள்ளமும் மண்ணைப் புரட்டிய கரை இது, துருப்பிடித்த எந்த இரும்பையும் தொடாதீர்கள். பிள்ளைகளுக்கு இதை வானில் ஏற முன்னரே சொல்லிவிடுவேன், ஒருமுறை அல்ல, இரண்டுமுறை.

சுண்டிக்குளம் பூங்கா எப்படிப்பட்டது? உள்ளே இறங்கி நடக்கலாமா?

1938 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015 இல் தேசியப் பூங்காவானது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. இரணைமடுவைத் தாண்டி வரும் கனகராயன் ஆறு வந்து சேர்வது இந்தக் களப்பில்தான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு, நடுவில் நீளமான மணல். கண்டல் மரங்கள், ஈச்சம் பற்றை, வடலிகள், உவர்த் தரவை, கடற்பூண்டு எல்லாம் மாறி மாறி வரும்.

யாலையைப்போலவோ வில்பத்துவைப்போலவோ ஜீப் வரிசை இங்கே இருக்காது. அதற்காகக் கட்டுப்பாடு இல்லை என்று நினைக்கக்கூடாது. தேசியப் பூங்கா என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடுதான் போக வேண்டும். முதல்நாளே அவர்களின் அலுவலகத்தில் கேட்டு, எந்தப் பாதையால் போகலாம், எங்கே இறங்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பூங்காவுக்குள் அவர்கள் இறங்கச் சொன்ன இடத்தில் மட்டும் இறங்குங்கள். இரவுக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். காலாற நடக்க விருப்பமுள்ளவர்களுக்கு மணற்காடும் கிராமங்களை அடுத்த கடற்கரைகளும் இருக்கின்றன. சுண்டிக்குளம் நின்று பார்க்கிற இடம்.

பூநாரை கட்டாயம் தெரியுமா?

கட்டாயம் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. களப்பில் தண்ணீர் அவற்றின் காலுக்கு அளவாக நிற்க வேண்டும். மழை கூடிய வருடத்தில் ஆழம் கூடினால் அவை அரியாலை, மண்டைதீவு, ஆனையிறவு என்று ஆழம் குறைந்த இடம் தேடிப் போய்விடும். அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்று நீரை வடித்து உண்ணும் பறவை அது. உண்ணும் சிறு இறால்களிலும் பாசிகளிலும் இருக்கிற நிறமியால்தான் இறகு சிவக்கிறது. குஜராத்தின் கச்சு உவர்வெளியில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. உண்மையான பாலைவனத்துப் பறவை எங்கள் களப்புக்கு விருந்தாளியாக வருகிறது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

பூநாரை இல்லாத நாளிலும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. ஊசிவால் வாத்துகள் நீரைக் கறுப்பாக்கிக்கொண்டு கிடக்கும். நெடுங்கால் உள்ளான் சிவப்புக் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். கரண்டிவாயன் அலகை இடமும் வலமும் வீசித் துழாவும். மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், வானத்தில் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு. கையடக்கமான சின்ன உள்ளான்கள் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்தவை. திரும்பப் பறப்பதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கின்றன. ஒருமுறை கலைத்துவிட்டால் சேர்த்ததில் ஒரு பங்கு வீண். பறவைகள் மேய்வதை விட்டுத் தலையை உயர்த்தினால் நாங்கள் கிட்டப் போய்விட்டோம் என்று அர்த்தம், அந்த இடத்திலேயே நில்லுங்கள். கைதட்டிப் பறக்கவைத்துப் படம் எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், அதை அடக்கவும் மாட்டேன். தொலைநோக்கி ஒன்று இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள்.

சிறுத்தை, கரடி, முதலை?

சிறுத்தையும் கரடியும் பூங்காவின் காட்டுப் பக்கத்தில் வாழ்வதாகப் பதிவாகியிருக்கிறது. எங்கள் கண்ணில் ஒருநாளும் படவில்லை. முதலை வேறு கதை: களப்பிலும் நன்னீர்க் குட்டைகளிலும் இருக்கிறது. முழங்கால் தண்ணீர்தானே என்று கால் நனைக்க இறங்காதீர்கள்.

கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். திறந்த கடல், சட்டென்று ஆழம் இறங்கும், வாடைக்காலத்தில் இழுவையும் அதிகம். காப்பாற்ற ஆள் இல்லை. குளிக்க விருப்பமானவர்களுக்குக் கசூரினா இருக்கிறது.

படம் எடுக்கலாமா, ட்ரோன் விடலாமா?

மணலையும் வானத்தையும் எடுங்கள். கரைவலை இழுக்கிறவர்களை எடுக்க முன்னர் கேளுங்கள். "அண்ணை, ஒரு படம் எடுக்கட்டோ?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு சம்மதிப்பார்கள், சிலவேளை கயிற்றையும் கையில் தருவார்கள். முன்பு அம்பாப் பாட்டுப் பாடிக் கையால் இழுத்த வலையை இப்போது பல இடங்களில் ட்ராக்டரில் சுற்றி இழுக்கிறார்கள். கடற்கரையில் விரித்திருக்கும் வலையையும் கயிற்றையும் மிதிக்காமல் சுற்றிப் போங்கள். படை முகாம்களுக்குப் பக்கத்தில் கமராவை எடுக்கவே வேண்டாம். ட்ரோனுக்கு அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி இருந்தாலும் பறவைகளுக்கு மேலே விடாதீர்கள், பருந்து வந்ததென்று நினைத்து முழுக் கூட்டமும் எழும்பிவிடும்.

அம்மம்மாவையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. கோயிலடியில் பாயை விரித்து, நிழலில் இருத்திவிட்டு மற்றவர்கள் மேட்டுக்குப் போய்வரலாம். எங்கள் அம்மம்மா எண்பத்தொரு வயதில் வந்து சவுக்க மர நிழலில் இருந்துகொண்டு, கீரை விற்க வந்த அம்மாவோடு பேசி, அந்தப் பக்கத்து மூன்று தலைமுறைச் சொந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டா. மேட்டுக்கு ஏறிய எங்களைவிட அவவுக்குத்தான் அன்றைக்குப் புதினம் கூட.

மணலில் வழி தவறினால்?

கடல் இரைச்சல் கேட்கிற பக்கம் நடந்து கரைக்கு வாருங்கள், கரை வழியே போனால் மீனவர் தங்கும் வாடி ஒன்று எதிர்ப்படும். மேட்டிலிருந்து தொலைபேசிக் கோபுரத்தையோ கோயில் கோபுரத்தையோ முதலிலேயே அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது. மூன்று பேருக்குக் குறைவாகப் போகாதீர்கள், போகிற இடத்தையும் திரும்புகிற நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முடியுமா?

முடியும், விடிய நாலரைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பினால். ஆறு மணிக்கு முன்னர் மணற்காட்டில் நிற்க வேண்டும். சூரியன் எழும்வரை மேட்டில், பிறகு தடங்கள், பழைய கோயில். எட்டரைக்கு இறங்கி வானடியில் காலைச் சாப்பாடு. வந்த வழியே வல்லிபுரத்துக்குத் திரும்பிப் போய்க் கும்பிட்டுவிட்டு, பிறகு கிராமங்கள் வழியாக மெதுவாகத் தெற்கே வாருங்கள். வெயில் உச்சியில் நடக்க வேண்டாம். மருதங்கேணிப் பக்கம் ஒரு மர நிழலில் பாயைப் போட்டுப் படுங்கள். மூன்றரை மணிக்குக் களப்பை அடைந்தால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து விழும்படி நின்று பறவை பார்க்கலாம். ஐந்தரைக்கு வெளிக்கிட்டு இயக்கச்சி வழியாக ஏ9 வீதியில் ஏறினால் எட்டு மணிக்குள் வீடு. ரயரில் காற்றை இறக்கியிருந்தால் பளையில் நிறுத்தி அடித்துக்கொள்ளுங்கள்.